இரண்டு அங்குல நிழல்

பங்குனி, கடைசி வாரம்

பேத்தியின் தலையை அளந்தேன். டேப்பைப் புருவத்துக்கு ஒரு விரல் மேலே வைத்து, காதை ஒட்டிக் கொண்டுபோய், பின்மண்டை புடைத்திருக்கிற இடத்தைச் சுற்றி முன்னால் கொண்டுவந்தேன். 18½ அங்குலம். அளவெடுக்கும் வரை ஆடாமல் நின்றாள். பிறகு டேப்பைப் பிடுங்கி என் முழங்காலைச் சுற்றிக் கட்டி, "அம்மாச்சிக்குத் தொப்பி" என்றாள்.

பிறந்த அன்று இந்தத் தலை 13½ அங்குலம்கூட இல்லை. ஆஸ்பத்திரியில் எழுதிக் கொடுத்த அட்டை இன்னும் பீரோவில் இருக்கிறது. முதல் வருஷத்திலேயே நாலு அங்குலத்துக்கு மேல் கூடிவிட்டது. இரண்டாவது வருஷம் ஒரு அங்குலம் கூடுவதே பெரிது. தலை அவசரமாக முன்னால் ஓடிப்போய் நின்றுகொண்டு, உடம்பு வந்து சேரட்டும் என்று காத்திருக்கிறது.

பிறந்த குழந்தையின் நீளத்தில் கால் பங்கு தலை. வளர்ந்தவர்களுக்கு ஏறக்குறைய எட்டில் ஒரு பங்கு. தோலின் பரப்பை எடுத்துக்கொண்டாலும் இதே கதைதான். கைக்குழந்தையின் தோலில் ஐந்தில் ஒரு பங்கு தலையிலும் முகத்திலும் இருக்கிறது. நமக்குப் பத்தில் ஒரு பங்குகூட வராது. தீக்காயத்துக்கு வைத்தியம் பார்க்கிறவர்கள் குழந்தைகளுக்கென்று தனிக் கணக்கு வைத்திருப்பது இதனால்தான். ஒரே வெயிலில் நாங்கள் இருவரும் நின்றாலும் அவள் தலை வாங்குவது வேறு, என் தலை வாங்குவது வேறு.

—

உச்சி என்று ஒரு சொல். தலையின் நடுவையும் அதுதான் சொல்கிறது, சூரியன் நிற்கிற இடத்தையும் அதுதான் சொல்கிறது. உச்சியில் எண்ணெய் வை. உச்சி வெயிலில் போகாதே. இரண்டையும் ஒரே நாளில் எத்தனை முறை சொல்லியிருப்பேன். இரண்டும் ஒரே சொல் என்பது இன்று டேப்பைச் சுருட்டி வைக்கும்போதுதான் உறைத்தது.

அவளுடைய முதல் கோடையில் உச்சிக்குழி மூடியிருக்கவில்லை. குளிப்பாட்டி மடியில் கிடத்தினால் அந்த இடத்துத் தோல் மெல்லத் துடிப்பது தெரியும். என் விரல் அதன் மேல் பட்டும் படாமலும் நிற்கும். ஒன்றரை வயதுக்குள் அது மூடிவிட்டது. ஆனால் என் கை பழக்கம் விடவில்லை. வாசலைத் தாண்டும்போதெல்லாம் உள்ளங்கை தானாகப் போய் அவள் உச்சியில் கவிழ்ந்துகொள்கிறது.

என் அப்பத்தா முந்தானையைத்தான் கவிழ்ப்பாள். இடுப்பில் பிள்ளை, அதன் தலைக்கு மேல் முந்தானை, முந்தானையின் நுனி பல்லில். அந்தக் காலத்தில் எங்கள் தெருவில் பிள்ளைகளுக்குத் தொப்பி கிடையாது. பிள்ளையைத் தூக்கியிருந்தவரின் துணியே பிள்ளைக்கும் நிழல்.

சித்திரை 1

என் அப்பா மதுரைப் புது மண்டபத்தில் தையல் மிஷின் போட்டிருந்தார். கல்தூண்களுக்கு நடுவே வரிசையாகத் தையல்காரர்கள். பங்குனி பிறந்தாலே சித்திரைத் திருவிழாவின் அழகர் வேடத்து உடுப்புகளுக்கு ஆள் வர ஆரம்பித்துவிடும். ஜரிகை வைத்த வெல்வெட், சிறு பிள்ளைகளுக்கும் அதே வெல்வெட்டில் தலைக்குக் குல்லா. நேர்த்திக்கடன் என்பதால் யாரும் அளவைக் குறைக்கச் சொல்லமாட்டார்கள். அப்பா தைத்துக் கொடுக்கும்போது பெற்றவளிடம் ஒரு வார்த்தை சொல்லி அனுப்புவார்: "இது சாமிக்கு. வெயிலுக்கு இல்லைத்தா. விடிஞ்சு வெயில் ஏறினதும் கழட்டிருங்க."

வெயிலுக்கு என்றால் இரண்டு அங்குலம் விளிம்பு வேண்டும் என்பார். தலையை மூடுவது குல்லா, முகத்துக்கு நிழல் கொடுப்பதுதான் தொப்பி. இந்த வித்தியாசத்தை அவரிடம்தான் கற்றுக்கொண்டேன். சித்திரை வெயிலில் கைக்குழந்தைக்குக் கம்பளிக் குல்லாவை மாட்டி, காதை மூடி, தாடைக்குக் கீழே முடிச்சுப் போட்டுத் தூக்கிக்கொண்டு வருகிறவர்களை இன்றும் பஸ் ஸ்டாண்டில் பார்க்கிறேன். காதில் காற்றுப் புகுந்துவிடும் என்ற பயம். பிறந்த ஈரத்தில் உடம்புச் சூடு குறைந்துவிடாமல் இருக்கக் குல்லா போடுவது சரிதான். அதையே சித்திரையில் மாட்டினால், தலை வழியாகப் போகவேண்டிய சூட்டுக்கு வாசலை அடைத்தது போல் ஆகிறது. அந்தப் பிள்ளையின் மேலுதட்டு வேர்வையைப் பார்த்தால் எனக்குத் தாங்காது. இரண்டு முறை வாய்விட்டுச் சொல்லியிருக்கிறேன். ஒருத்தி கழற்றினாள். ஒருத்தி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

சித்திரை 3

இன்று மதுரையில் நிழல் இல்லாத நாள். ஏப்ரல் 16-ஐ ஒட்டி வரும். சூரியன் நேர் மேலே வந்து நிற்கும். ஆகஸ்ட் கடைசியில் திரும்பி வரும்போது இன்னொரு முறை. கன்னியாகுமரிக்கு நமக்குச் சில நாள் முந்தி, சென்னைக்கு ஏறக்குறைய ஒரு வாரம் பிந்தி. சித்திரை பிறப்பதும், சூரியன் நம் தலைக்கு நேராக வருவதும் அடுத்தடுத்த நாட்களில் நடக்கின்றன.

காலையிலிருந்தே மாடியில் தரையில் சாக்கட்டியால் கோடு போட்டுக்கொண்டிருந்தேன். அவளைச் சுவரோரம் நிற்கவைத்து, நிழலின் நுனியில் ஒரு கோடு. 8 மணிக்கு நிழல் அவளைவிட நெட்டை. 9 மணி 15 வாக்கில் நிழலும் அவளும் ஒரே உயரம். அதற்குப் பிறகு நிழல் குட்டையாகிக்கொண்டே போனது. 10 மணிக்கு அவளைக் கீழே கொண்டுபோய் விட்டுவிட்டேன். மிச்சத்துக்கு ஒரு சொம்பை நிறுத்தினேன். 12 மணி 17-க்குச் சொம்பின் நிழல் சொம்புக்கு அடியிலேயே போய் ஒளிந்துகொண்டது. சுற்றிலும் தரை வெளுத்துக் கிடந்தது.

உன் நிழல் உன்னைவிடக் குட்டையாக இருந்தால் வெயில் கடுமை, உள்ளே போ. உலகம் முழுக்கத் தோல் வைத்தியர்கள் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிற கணக்கு இது. கடிகாரம் பார்க்கத் தெரியாத பிள்ளைக்கும் நிழல் பார்க்கத் தெரியும். சித்திரையில் நம் ஊரில் காலை 9 மணி 15-லிருந்து பிற்பகல் 3 மணி 20 வரை குட்டை நிழல்தான். ஆறு மணி நேரம். ஒரு பள்ளிக்கூட நாள் அளவு.

சாயங்காலம் நிழல் நீண்டதும் அவள் அதன் தலையை மிதிக்க ஓடினாள். ஓட ஓட அதுவும் ஓடியது.

சித்திரை 5

துணி எடுத்தேன். என் பழைய சுங்குடிச் சேலை, கருநீலம், உடம்பு முழுக்க வெள்ளைப் புள்ளி. இதன் பாதியில்தான் அவளுக்குத் தூளி கட்டியது. மீதிப் பாதி மடித்து வைத்திருந்தேன்.

கடையில் தொப்பிக்கு என்று கேட்டால் வெளிர் நிறத்தைத்தான் எடுத்துப் போடுகிறார்கள். வெள்ளை குளிர்ச்சி என்று நாமும் நம்புகிறோம். சூட்டுக்கு அது உண்மை. ஆனால் வெயிலில் கண்ணுக்குத் தெரியாமலும், தோலுக்குச் சூடு தெரியாமலும் வருகிற புற ஊதாக் கதிர் இருக்கிறதே, அதற்குக் கணக்கு வேறு. ஒரே நெசவு, ஒரே கனம் என்றால் அடர்ந்த சாயம்தான் அதை அதிகமாக நிறுத்துகிறது. வெள்ளைப் பருத்தி பனியன் துணி வழியாகக் கொஞ்சம் உள்ளே போகிறது. அது நனைந்திருந்தால் இன்னும் கூடுதலாகப் போகிறது. எல்லாவற்றையும்விட முக்கியம் நெசவின் நெருக்கம். அதைப் பார்க்க எந்த மிஷினும் வேண்டாம். ஜன்னலுக்கு எதிரே துணியைத் தூக்கிப் பிடித்தால் போதும்.

சேலையைத் தூக்கிப் பிடித்தேன். உடுத்திய இடத்தில் தேய்ந்துபோயிருந்தது. ஜன்னல் கம்பிகள் அதன் வழியாகத் தெரிந்தன. முந்தானைப் பக்கம் கெட்டியாக இருந்தது. இரண்டாக மடித்துப் பிடித்தேன். கம்பிகள் மறைந்தன.

—

வெட்டியது இப்படி. தலை 18½, தளர்வுக்கு 1, ஆக 19½. அதை 6.28-ஆல் வகுத்தால் மூன்று அங்குலத்துக்குச் சற்றே மேல். அதுதான் உச்சி வட்டத்தின் அரை விட்டம். விளிம்புக்கு அதற்கு மேல் இரண்டு அங்குலம், தையலுக்கு அரை. நடுவே மெல்லிய கேன்வாஸ், இல்லாவிட்டால் விளிம்பு கண்ணில் சரியும். உள்பட்டியை மட்டும் முக்கால் அங்குலம் மடித்துத் தைத்தேன். அடுத்த வருஷம் பிரித்துவிடலாம்.

நாடா வைக்கலாமா என்று வெகுநேரம் யோசித்தேன். நாடா இல்லாவிட்டால் காற்றில் பறக்கும். அவளே கழற்றி எறிவாள். நாடா இருந்தால் ஊஞ்சல் கம்பியிலோ கேட்டிலோ மாட்டிக் கழுத்தை இறுக்கிவிடும். கடைசியில் நாடாவை இரண்டு துண்டாக்கி நடுவே ஒரு டிச் பட்டன் வைத்தேன். சுண்டி இழுத்தால் பட்டென்று விட்டுவிடும். என் கையால் இருபது முறை இழுத்துப் பார்த்த பிறகுதான் ஊசியை வைத்தேன். தூங்கும்போதும் வண்டியில் போகும்போதும் கழற்றிவிட வேண்டும் என்று மகளிடம் சொல்லியிருக்கிறேன்.

தையல் முடிந்தபோது விளிம்பின் அடிப்பக்கமும் கருநீலமாகவே இருந்தது. வெளிர் நிறமாக இருந்தால் தரையிலிருந்து எழும்பும் வெளிச்சம் அதில் பட்டு மறுபடி முகத்துக்கே வரும்.

சித்திரை 9

தொப்பியைப் போட்டுப் பார்த்தோம். போட்டதும் கழற்றினாள். மறுபடி போட்டேன். மறுபடி கழற்றி நாய்க்குட்டி பொம்மைக்கு வைத்தாள்.

இரண்டு வயதுப் பிள்ளையின் தலையில் ஒன்றை நிறுத்திவைப்பது வாதத்தால் நடக்காது. அதட்டினால் தொப்பியோடு சேர்ந்து வெளியே போவதும் வெறுத்துப்போகும். அதனால் நான் என் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டேன். வாசலுக்குப் போய்ச் செருப்பை மாட்டினேன். அவளுக்குச் செருப்பு என்றால் தெரு, தெரு என்றால் ஆடு. "செருப்பு, தொப்பி, ஆடு" என்று வரிசையாகச் சொன்னேன். மூன்றாம் நாளிலிருந்து அவளே வரிசையைச் சொல்ல ஆரம்பித்திருக்கிறாள். வரிசை பிடித்துப்போனதால் தொப்பியும் பிடித்துப்போனது.

—

முன்னால் மட்டும் நீட்டிக்கொண்டிருக்கிற கிரிக்கெட் தொப்பி ஒன்று போன வருஷம் இருந்தது. திருவிழாக் கூட்டத்தில் மூங்கில் கழியில் சொருகி விற்றுக்கொண்டு வந்தவரிடம் வாங்கியது. வலைத்துணி, தாடைக்கு ரப்பர். அன்று அவளை அவள் அப்பா தோளில் ஏற்றியிருந்தார். அழகர் ஆற்றில் இறங்கி வெகுநேரம் ஆகியிருந்தது. வெயில் ஏறிவிட்டது. கூட்டத்தில் நடக்கிற பிள்ளைக்கு நாலு பேர் நிழலாவது விழும். தோளில் இருக்கிற பிள்ளைக்கு யாருடைய நிழலும் கிடையாது. எல்லாத் தலைக்கும் மேலே அவள் தலை. வீட்டுக்கு வந்து பார்த்தால் நெற்றி மட்டும் தப்பித்திருந்தது. இரண்டு காது மடலும், பிடரியும் கன்றிப்போயிருந்தன. வலைத்துணியின் கண்கள் வழியாக உச்சியிலும் சூடு. தாடையில் ரப்பர் பதிந்த சிவப்புக் கோடு. இரவெல்லாம் ஈரத்துணியை ஒற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். இந்தத் தொப்பியை நான் தைத்ததற்கு அந்த இரவுதான் காரணம்.

சித்திரை 16

ஆஸ்திரேலியாவில் பிள்ளைகளின் தொப்பியை ஒரு நாடே கவனித்துக்கொள்கிறது. 1981-இல் விக்டோரியா மாநிலத்துப் புற்றுநோய்த் தடுப்பு அமைப்பு ஒரு கடற்காகத்தைக் கார்ட்டூனாக வரைந்து, சட்டையைப் போடு, களிம்பைப் பூசு, தொப்பியை வை என்று பிள்ளைகளுக்குச் சொல்லவைத்தது. அங்கே நிறையப் பள்ளிக்கூடங்களில் தொப்பி இல்லாத பிள்ளைக்கு மைதானத்தில் விளையாட்டு இல்லை. கூரைக்கடியில்தான் இருக்க வேண்டும். வெயில் படாமல் துணி எவ்வளவு தடுக்கிறது என்று அளந்து எண் போடுவதும் அங்கே 1996-இல் தரமாக வந்தது. முன்னால் மட்டும் நீட்டுகிற தொப்பியை அவர்கள் ஏற்பதில்லை. காதும் பிடரியும் வெளியே நிற்கிறதே என்பதுதான் காரணம். சிறு பிள்ளைக்கு விளிம்பு குறைந்தது 5 சென்டிமீட்டர் என்கிறார்கள். அப்பா எதையும் படித்துச் சொன்னவர் இல்லை. அவர் சொன்ன இரண்டு அங்குலமும் அதுவும் ஒன்றுதான்.

அவர்களுடைய அச்சம் தோல் புற்றுநோய். வெளுத்த தோலும் கடும் வெயிலும் சேர்ந்த நாடு. நம் பிள்ளைகளின் கறுப்பு ஒரு காவல். அதை நான் மனதார நம்புகிறேன். பிள்ளை கறுத்துவிடுவாள் என்பதற்காகத் தொப்பி வை என்று சொல்கிறவர்களை எனக்குப் பிடிப்பதில்லை. கறுப்பதற்குப் பயந்து ஒரு பெண்பிள்ளையை வெயிலிலிருந்து ஒளித்து வளர்ப்பது அவளுக்குச் செய்கிற அநியாயம். தொப்பி அதற்கு இல்லை. முதலில் கண்ணுக்கு. சிறு பிள்ளையின் கண்வில்லை நம்முடையதைவிடத் தெளிவு. புற ஊதாக் கதிரை அது உள்ளே அதிகம் விடுகிறது. கண்ணின் மேல் வருஷக்கணக்காக விழுகிற வெயில் முதுமையில் கண்புரைக்கு ஒரு காரணமாகிறது. கண்ணுக்கு அப்புறம் சூடு. நம் ஊரில் பிள்ளைகளைச் சாய்த்துப் போடுவது சூடுதான்.

சித்திரை 21

அக்னி நட்சத்திரம் தொடக்கம். சூரியன் கார்த்திகை நட்சத்திரத்தை ஒட்டி நடக்கிற நாட்கள், வைகாசி 14 வரை.

மேகமாக இருந்தது. மகள், "இன்னைக்கு வெயில் இல்லையேம்மா, தொப்பி எதுக்கு?" என்றாள். மெல்லிய மேகம் சூட்டைக் குறைக்கும். புற ஊதாக் கதிரை அவ்வளவாகக் குறைக்காது; பெரும்பங்கு உள்ளே வந்துவிடும். இந்தக் கதிருக்கென்று UV இண்டெக்ஸ் என்று ஓர் அளவு இருக்கிறது. 1992-இல் கனடாவில் தொடங்கி, பிறகு உலக சுகாதார நிறுவனமும் எடுத்துக்கொண்டது. 3-ஐத் தொட்டால் தொப்பி வேண்டும். 11-ஐத் தாண்டினால் மிகக் கடுமை. நம் சித்திரை உச்சிப்பொழுது 11-ஐத் தாண்டுவது சாதாரணம். போனில் வானிலை பார்க்கிறவர்கள் டிகிரியைப் பார்த்துவிட்டு மூடிவிடுகிறார்கள். அதற்குக் கீழே இந்த எண்ணும் இருக்கிறது.

—

தொப்பியைப் பற்றி இன்று ஒன்று கண்டுகொண்டேன். 10 மணிக்குப் பால் பூத்திலிருந்து திரும்பும்போது அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே நடந்தேன். விளிம்பின் நிழல் உதடு வரை விழுந்திருந்தது. அதே தொப்பி 9 மணிக்குப் போகும்போது மூக்கு நுனியைக்கூடத் தொடவில்லை. வெயில் சாய்ந்திருந்தால் விளிம்புக்குக் கீழே நுழைந்துவிடுகிறது. 45 பாகையில் வந்தால் இரண்டு அங்குல விளிம்புக்கு இரண்டு அங்குல நிழல்தான். சூரியன் ஏற ஏற நிழல் கழுத்து வரை இறங்கும். ஆக, இந்தத் தொப்பி முழுதாக வேலை செய்வது உச்சிப்பொழுதில். அந்த நேரத்தில்தான் பிள்ளையை வெளியே கொண்டுபோகக் கூடாது. நாம் வெளியே போகிற சாய்ந்த வெயிலில் அது பாதி வேலைதான் செய்கிறது.

மீதிப் பாதிக்கு நான் பக்கம் மாறி நடந்தேன். அவளுக்கும் சூரியனுக்கும் நடுவே என் உடம்பு. திருப்பத்தில் சூரியன் மாறியது, நானும் மாறினேன். அவள் அதை விளையாட்டு என்று நினைத்து, தானும் சுற்றிச் சுற்றி வந்தாள்.

வைகாசி 2

ரோட்டு வேலை நடக்கிற இடத்தில் வேப்பமரத்தில் தூளி கட்டியிருந்தார்கள். உள்ளே ஒரு கைக்குழந்தை. பக்கத்தில் மூன்று வயது இருக்கும் ஒரு பையன், தலையில் ஈரத்துண்டு, ஜல்லியைப் பொறுக்கித் தூளிக்கு அடியில் அடுக்கிக்கொண்டிருந்தான். காலையில் தூளி மேல் விழுந்த மர நிழல் 11 மணிக்கு ஒரு கஜம் தள்ளிப் போயிருந்தது. அம்மா தார்ச் சட்டியைக் கீழே வைத்துவிட்டு ஓடிவந்து, தூளியை அடுத்த கிளைக்கு மாற்றிக் கட்டிவிட்டுப் போனாள். மேஸ்திரி ஒன்றும் சொல்லவில்லை. மரமும் நிழலும் இருக்கிறவரை அந்தக் குழந்தைக்குத் தொப்பி தேவையில்லை. மரத்தின் கீழே காற்றும் இருக்கிறது. தொப்பிக்குள் காற்று இல்லை.

2005-இல் வந்த நூறு நாள் வேலைச் சட்டத்தின் அட்டவணையில் குடிதண்ணீரோடு, குழந்தைகளுக்கு நிழல் என்றும் எழுதியிருந்தார்கள். ஆறு வயதுக்குக் கீழே ஐந்து பிள்ளைகள் இருந்தால் அவர்களைப் பார்த்துக்கொள்ள ஒரு பெண்ணை வைக்க வேண்டும் என்றும். சட்டப் புத்தகத்தில் நிழல் என்ற சொல்லை எழுதினவர்கள் யாரோ, அவர்களை நினைத்துக்கொள்கிறேன். அந்த வேப்பமரத்தை நட்டவரையும்.

வீட்டுக்கு வந்ததும் மிச்சத் துணியை அளந்து பார்த்தேன். இன்னும் இரண்டு தொப்பிக்கு வரும். பையனின் தலை அளவு தெரியாது. 19½ வைத்துத் தைத்து, உள்ளே மடிப்பு விட்டேன்.

வைகாசி 5

ரோட்டு வேலை அடுத்த தெருவுக்கு நகர்ந்திருந்தது. கொண்டுபோய்க் கொடுத்தேன். அம்மா வாங்கிப் பார்த்து, நாடாவை இழுத்தாள். பட்டன் விட்டது. "அறுந்துருச்சேம்மா" என்று பதறினாள். "அப்படித்தான்த்தா விடணும்" என்று காட்டிக் கொடுத்தேன். அவளும் இரண்டு மூன்று முறை இழுத்துப் பார்த்தாள். பையன் போட்டுக்கொண்டு, விளிம்பைக் கையால் தூக்கி என்னைப் பார்த்தான். கொஞ்சம் பெரிதாகத்தான் இருந்தது.

வைகாசி 11

நேற்றுச் சாயங்காலம் கோடை மழை. தொப்பி முழுக்க நனைந்துவிட்டது. இன்று காலை துவைத்தேன். உள்பட்டியில் வேர்வை காய்ந்து வெள்ளையாக உப்புக்கோடு படிந்திருந்தது. ஒரு மாதத்து வேர்வை. விரலால் தேய்க்கத் தேய்க்கக் கரைந்தது.

சுங்குடியை வெயிலில் போட்டால் சாயம் வெளுக்கும். தாழ்வாரத்து நிழலில் கொடியில் போட்டேன். காய்வதற்கு நேரம் எடுக்கிறது. அவள் செருப்பை மாட்டிக்கொண்டு வந்து கொடிக்குக் கீழே உட்கார்ந்திருக்கிறாள். சொட்டுகிற தண்ணீரை உள்ளங்கையில் பிடித்துக்கொண்டு, "தொப்பி, ஆடு" என்கிறாள்.